முதலாளி முறிந்தால் மாலுமியின் கதி என்ன?

(திகனயில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



எத்திசை நோக்கினும் மலையன்றிக் கடல் தோன்றாத திகனயிலே நின்று கப்பலைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கின்றோம். ‘உரத்தின் விலை ஏறிக் கிடக்கின்றது, காட்டுப்பன்றி பயிரை அழிக்கின்றது, இவற்றையெல்லாம் விட்டுக் கப்பற்கதை எதற்கு?’ என்று இங்கு வீற்றிருக்கும் கமக்காரர் கேட்கக்கூடும். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. மறுமொழி கூறுவதற்கு எமக்குக் கடமை உண்டு.

இவ்வட்டாரத்து இளைஞர் இன்று கப்பலேறுகின்றனர். குண்டசாலை, இராஜவெல்ல, பல்லேகலை, தெல்தெனிய ஆகிய இடங்களிலிருந்தும், சூழவுள்ள தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் கண்டிக்குச் சென்று ஹோட்டற் கலை பயில்கின்றனர். சமைக்கவும், பரிமாறவும், அறை துப்புரவு செய்யவும் கற்றுத் தேர்ந்தபின், உல்லாசக் கப்பல்களிலே வேலை தேடுகின்றனர். அந்த வேலைக்காகத் தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகின்றது. தந்தையின் காணி உறுதி ஈட்டுக்குப் போகின்றது. 2022 ஏப்ரல் 12 ஆம் நாள் இந்நாட்டு அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த ஓராண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து நாட்டைவிட்டு வெளியேறினர். வங்குரோத்தான நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போகின்றவன், போய்ச் சேர்ந்த இடத்திலே கப்பற் கம்பெனியும் வங்குரோத்தானால் என் செய்வான்? இதுவே இன்று நாம் ஆராயப்போகும் கேள்வி.

தமிழர் நடத்திய கப்பற் கம்பெனி

பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பற் கம்பெனி முறிந்த கதை தமிழருக்குப் புதியதன்று. 1906 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. அதனை நிறுவியவர் வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள். பங்கொன்று 25 ரூபா வீதம் 40,000 பங்குகள், ஆக 10 இலட்சம் ரூபா மூலதனம் என்பது திட்டம். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. தூத்துக்குடிக்கும் எமது கொழும்புக்கும் இடையே அவை ஓடின. எதிரே நின்றதோ பிரிட்டிஷ் இந்தியக் கப்பற் கம்பெனி என்னும் பெரும் மலை. அது கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. 1908 மார்ச்சிலே சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911 இலே கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் சிறையினின்றும் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

அவர் சிறையிலே இழுத்த செக்கைப் பற்றி நம் மேடைகளிலே நாம் உருக்கத்தோடு பேசுகின்றோம். பேச வேண்டியதே. ஆனால் அக்கப்பல்களிலே கொதிகலனுக்குக் கரி வாரிப் போட்டவனைப் பற்றியும், நங்கூரம் தூக்கியவனைப் பற்றியும், சோறாக்கியவனைப் பற்றியும் எந்த மேடையிலாவது பேசக் கேட்டதுண்டா? சிதம்பரனார் உத்தமர், தன் பொருளையும் உடலையும் நாட்டுக்கு ஈந்தவர். முதலாளியின் இடத்திலே அத்தகைய உத்தமரே இருந்தாலும், கம்பெனி முறிந்தபின் தொழிலாளியின் கூலி அவருடைய நல்லெண்ணத்தினால் வந்து சேராது. சட்டத்தினாலும் தொழிலாளரின் அமைப்பினாலுமே அது வந்து சேரும். இதனை மனத்திலே இருத்திக்கொண்டு இக்காலத்துக்கு வருவோம்.

பயணி வீடு செல்வான்; பணியாளன் கப்பலில் நிற்பான்

உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் ஹோட்டல். பெரிய கப்பலொன்றிலே பயணிகள் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் என்றால், அவர்களுக்குத் தொண்டு செய்வோர் ஆயிரம் பேர்வரை இருப்பர். கப்பலைச் செலுத்துவோர் அவர்களிற் சிலரே. ஏனையோர் சமையற்காரர், பரிமாறுவோர், அறைப் பணியாளர், சலவை செய்வோர். இவர்களுட் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் பிள்ளைகள்.

2000 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆம் நாள் அமெரிக்காவின் பிரிமியர் குரூசஸ் என்னும் கம்பெனி வீழ்ந்தது. கடன் கொடுத்தோர் கப்பல்களைக் கைப்பற்றினர். கடலிலே சென்றுகொண்டிருந்த கப்பல்கள் துறைமுகங்களுக்குத் திருப்பப்பட்டன. அவற்றுள் இரண்டு கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறையிலே கட்டுண்டு கிடந்தன. பயணிகள் ஊர் திரும்பினர். பணியாளர் கப்பலிலே தங்கிக் காத்திருந்தனர்.

2020 ஆம் ஆண்டு கொள்ளை நோய்க் காலத்திலே, குரூஸ் அண்ட் மரிடைம் வோயேஜஸ் என்னும் ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பல்கள் டில்பரியிலும் பிரிஸ்டலிலும் முடங்கிக் கிடந்தன. அவற்றிலே இந்தியத் தொழிலாளர் பலர் இருந்தனர். ஒப்பந்தக் காலம் கடந்தும் வீடு செல்ல வழியில்லை. சம்பளமும் காலத்துக்கு வரவில்லை. ஜூன் மாதத்திலே பிரித்தானியக் கடற்றுறை அதிகாரிகள் கப்பல்களிலே ஏறிச் சோதித்து, தொழிலாளர் உரிமை மீறப்பட்டதெனக் கண்டு அவற்றைத் தடுத்து வைத்தனர். ஜூலை 20 ஆம் நாள் கம்பெனி முறிந்தது. பின்னர்க் கப்பல்கள் நீதிமன்ற அதிகாரியினால் ஏலம் விடப்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய மார்க்கோ போலோ, குஜராத்தின் அலங் கடற்கரையிலே உடைக்கப்பட்டது.

அதே ஆண்டிலே இந்தியாவிலும் இக்கதை நடந்தது. 2019 ஏப்ரலிலே மும்பையில் பெருவிழாவோடு தொடங்கிய ஜலேஷ் குரூசஸ், ஈராண்டு நிறையுமுன்னரே 2020 அக்டோபரில் மூடப்பட்டது. அதன் கர்ணிகா என்னும் கப்பல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஆணையினால் விற்கப்பட்டு, நவம்பரிலே அதே அலங் கரையை அடைந்தது.

2022 ஜனவரியிலே கெந்திங் ஹொங்கொங் என்னும் பெரு நிறுவனம் தன்னைக் கலைக்குமாறு நீதிமன்றத்தை நாடியது. அதன் கிளைக் கம்பெனியின் கிறிஸ்டல் சிம்பனி என்ற கப்பல் மயாமியை நோக்கி வந்துகொண்டிருந்தது. எரிபொருள் விற்ற கம்பெனி ஒன்று 46 இலட்சம் டொலர் நிலுவை என்று வழக்கிட்டு, கப்பலைக் கைதுசெய்யும் ஆணையை மயாமி நீதிமன்றத்திலே பெற்றது. ஆணை காத்திருப்பதை அறிந்த கப்பல் துறைமுகத்துக்குச் செல்லாமற் பஹாமாஸ் தீவுக்குத் திரும்பியது. பயணிகளைச் சிறு கப்பலில் ஏற்றி அமெரிக்கக் கரைக்கு அனுப்பினர். பணியாளரோ கப்பலோடு தங்கினர்.

இந்த நான்கு செய்திகளையும் அடுக்கிப் பாருங்கள். கப்பல் வேறு, கடல் வேறு, கொடி வேறு. ஆனால் நிகழ்ச்சியின் ஒழுங்கு ஒன்றே. முதலிலே எரிபொருள் விற்றவன் கடனை நிறுத்துகின்றான். அடுத்துத் துறைமுகக் கட்டணம் நிலுவையாகின்றது. பின் சம்பளம் ஒரு மாதம் பிந்துகின்றது. ‘அடுத்த மாதம் சேர்த்துத் தருவோம்’ என்ற வாக்குறுதி வருகின்றது. பின்னொரு நாள் நீதிமன்ற அதிகாரி வந்து கைதாணையைக் கப்பலிலே ஒட்டுகின்றார். அவ்வேளையிலே பயணியிடம் திரும்பிச் செல்லும் சீட்டு உண்டு. கடன்காரனிடம் சட்டத்தரணி உண்டு. பணியாளனிடம் என்ன உண்டு?

அவன் நினைத்தவுடன் இறங்கிவிடவும் இயலாது. தீ அணைக்கவும், இயந்திரத்தைக் காக்கவும், கப்பலை அவசர வேளையிலே நகர்த்தவும் குறைந்தபட்ச எண்ணிக்கையான ஆட்கள் கப்பலிலே இருந்தாக வேண்டும் என்பது கடல் விதி. ஆகவே சம்பளம் இல்லாமலே வேலை செய்யும் நிலை சிலர் தலையிலே விழுகின்றது. அந்நியத் துறைமுகத்திலே இறங்குவதற்கு அனுமதிச் சீட்டும் இல்லை. இறங்கினால் ஊர் திரும்பப் பணமும் இல்லை.

கடைசிப் பலகைவரை கூலிக்கு உரிமை

இனிச் சட்டம் என்ன சொல்கின்றது என்று காண்போம்.

தரையிலே ஒரு கடை வங்குரோத்தானால், அதற்குக் கடனுக்கு மரக்கறி கொடுத்த கமக்காரர் எங்கே நிற்கின்றார்? ஈடு பிடித்த வங்கி முன்னே நிற்க, அவர் வரிசையின் வாலிலே நிற்கின்றார். கடற்சட்டத்திலோ ஒரு வியப்பு உண்டு. மாலுமியின் கூலி கம்பெனியின் மேலுள்ள வெறுங் கடன் மட்டுமன்று. அது கப்பலின் உடலைப் பற்றி நிற்கும் உரிமை. இதனைப் பற்றுரிமை என்போம். கப்பல் கைமாறினாலும் பெயர் மாறினாலும் அவ்வுரிமை கப்பலைத் தொடர்ந்து செல்லும். கப்பலின் கடைசிப் பலகை எஞ்சி நிற்கும்வரை மாலுமியின் கூலிக்கு அதன்மேல் உரிமை உண்டு என்பது ஆங்கில நீதிபதிகள் பழைய நாளிலேயே வகுத்த நெறி.

கப்பல் நீதிமன்றத்தால் விற்கப்பட்டால், பணம் பங்கிடும் வரிசை ஏறத்தாழ இவ்வாறு அமையும். முதலிலே கப்பலைக் காவல் செய்து விற்ற செலவு. அடுத்து மாலுமிகளின் கூலி முதலிய பற்றுரிமைகள். அதன் பின்னரே ஈடு பிடித்த வங்கி. எரிபொருளும் உணவுப் பண்டமும் விற்றோர் வழக்கமாக அதற்கும் பின்னரே. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டுக் கப்பல் வழக்குச் சட்டம் பற்றுரிமைகளை வரிசைப்படுத்தும்போது, கூலியையும் ஊர் திரும்பும் செலவையும் முதலிடத்திலே வைத்திருக்கின்றது. எமது நாட்டிலும் கப்பல் வழக்குகளுக்கான நியாயாதிக்கத்தை வகுக்கும் 1983 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் மாலுமியின் கூலிக்கு வழக்கிடும் வழியைத் திறந்திருக்கின்றது. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் அந்நியக் கப்பலைக்கூட அதன்கீழ்க் கைதுசெய்ய முடியும்.

‘அப்படியானால் குறை எங்கே? மாலுமி முதல்வரிசைக்காரன் அல்லனோ?’ என்று கேட்பீர்கள். ஏட்டிலே முதல்வரிசை, நாட்டிலே கடைவரிசை. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, காலம். கப்பல் கைதாகி, விற்பனையாகி, பணம் பங்கிட மாதங்கள் பல செல்லும். வங்கியினால் காத்திருக்க முடியும். அடகுக் கடையிலே வட்டி ஏறிக்கொண்டிருக்கும் தாலிக்கொடியினால் காத்திருக்க முடியுமா?

இரண்டாவது, கப்பலின் விலை. பழைய கப்பல் இரும்பு விலைக்கே போகும். காவற் செலவு நாளுக்கு நாள் ஏறி அவ்விலையைத் தின்னும்.

மூன்றாவது, அறியாமை. நீதிமன்றம் விற்கும் கப்பல் பழைய பற்றுகள் யாவும் நீங்கிய கப்பலாகவே வாங்குபவன் கைக்குச் செல்லும். உரிமை அன்றிலிருந்து விற்ற பணத்தின்மீதே நிற்கும். குறித்த நாளுக்குள் கோரிக்கை இடாதவன் பங்கை இழப்பான். இந்தியச் சட்டத்திலே கூலிப் பற்றுரிமைக்கு ஈராண்டு எல்லை உண்டு. ஊருக்கு வந்து ‘கம்பெனி கடிதம் போடும்’ என்று காத்திருப்பவனுக்கு எந்தக் கடிதமும் வாராது.

நான்காவது, கொடி. கம்பெனியின் அலுவலகம் ஒரு நாட்டிலே. கப்பலின் பதிவு பனாமாவிலோ பஹாமாஸிலோ. ஆள் சேர்த்த முகவர் இன்னொரு நாட்டிலே. இவ்வாறு வசதிக்காக ஏற்றப்படும் கொடிகளை எதிர்த்துச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948 முதல் போராடி வருகின்றது. எம்மவர் கப்பலோட்டிய காலத்தை நினையுங்கள். வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், எம் மாலுமிகளோடு அத்திலாந்திக் கடலைக் கடந்து 1938 இலே அமெரிக்காவின் குளஸ்டர் துறையை அடைந்தது. வல்வெட்டித்துறைக் கப்பலிலே ஏறியவனுக்கு உடையவரின் வீட்டு வாசல் தெரியும். கூலி வராவிட்டால் அந்த வாசலிலே போய் நிற்கலாம். இன்றைய மாலுமி எந்த வாசலிலே போய் நிற்பான்?

ஐந்தாவது, அன்பளிப்புப் பணம். உல்லாசக் கப்பலிலே பணியாளரின் வருவாயிலே பெரும்பங்கு பயணிகள் கொடுக்கும் ‘டிப்ஸ்’. ஒப்பந்தத்திலே எழுதப்பட்ட அடிப்படைச் சம்பளமோ சிறிது. கம்பெனி முறிந்தபின் கோரக்கூடியது ஒப்பந்தத்திலே உள்ளதைத்தான். எழுத்திலே இல்லாத வருவாயை எந்த நீதிமன்றத்திலே கேட்பது?

நான்கு மாதக் காப்பு

இக்குறைகளைக் கண்ட உலகத் தொழிலாளர் இயக்கம் சும்மா இருக்கவில்லை. 2006 பெப்ரவரியிலே சர்வதேசத் தொழில் தாபனம் கடற்றொழிலாளர் சமவாயத்தை நிறைவேற்றியது. 2013 ஆகஸ்ட் 20 ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015 இலும், இலங்கை 2017 ஜனவரியிலும் அதனை ஏற்றன. 2014 இலே அதற்குச் செய்யப்பட்ட திருத்தம் 2017 ஜனவரி 18 முதல் நடைமுறையில் உள்ளது. அத்திருத்தமே இன்றைய பேச்சின் உயிர்நாடி.

அதன்படி, சமவாயத்தை ஏற்ற நாட்டின் கொடியோடு பிற நாட்டுத் துறைமுகங்களுக்கு ஓடும் கப்பல், பணியாளர் கைவிடப்பட்டால் உதவுவதற்கான காப்புறுதியை முன்கூட்டியே பெற்றிருத்தல் வேண்டும். ஊர் திரும்பும் செலவை உடையவர் கொடாவிட்டால் அது கைவிடல். உணவு, நீர், மருந்து, தங்குமிடம் முதலியவற்றைக் கொடாவிட்டால் அது கைவிடல். இரண்டு மாதச் சம்பளமாவது கொடாமல் தொடர்பை முறித்துக்கொண்டாலும் அது கைவிடல். அந்நிலையிலே காப்புறுதி கொடுத்தவர் நான்கு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளத்தையும், ஊர் திரும்பும் செலவையும், அதுவரை உண்டு உடுத்து வாழும் செலவையும் ஏற்க வேண்டும். அதற்குரிய சான்றிதழ் கப்பலிலே எல்லோரும் காணும் இடத்தில் தொங்க வேண்டும்.

இன்னொன்றையும் இளைஞர் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பலிலே எந்த வேலை செய்பவனும் இச்சமவாயத்தின்படி கடற்றொழிலாளனே. ‘நீ சமையற்காரன், மாலுமி அல்லன், உன்னை வேலைக்கு எடுத்தது வேறு ஒப்பந்தக்காரக் கம்பெனி’ என்று கப்பல் உடையவர் கைகழுவ முடியாது. பொறுப்பு அவருடையதே.

ஆயினும் நான்கு மாதம் என்ற எல்லையை மறவாதீர்கள். ஆறு மாதம் பொறுத்திருந்தவனுக்கும் இக்காப்பு நான்கு மாதமே தரும். மீதிக்குக் கப்பலின் உடலைத்தான் நாட வேண்டும். ஆகவே பொறுமை இங்கே குணம் அன்று; நட்டம். 2024 ஆம் ஆண்டிலே மட்டும் 312 கப்பல்களில் 3,133 கடற்றொழிலாளர் கைவிடப்பட்டனர் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கிட்டிருக்கின்றது. நாடுகளின் வரிசையிலே இந்தியத் தொழிலாளரே அதிகம். சரக்குக் கப்பல்களிலும் சிறு கப்பல்களிலும் இக்கொடுமை நாள்தோறும் நடக்கின்றது. சட்டம் பிறந்தபின்னும் கொடுமை நிற்கவில்லையென்றால், சட்டத்தை எழுப்பி நடக்கவைக்கும் மனிதர் போதவில்லை என்பதே பொருள்.

மலையகம் அறியாத கதையா இது?

அன்பர்களே! இதுவரை நாம் சொன்னது கடலின் கதை. இதிலே எந்த வரி மலைநாட்டாருக்குப் புதியது?

எம் முன்னோர் கங்காணியிடம் கடன் பட்டே கடல் கடந்தனர். அக்கடன் ‘துண்டு’ என்ற கடதாசியிலே ஏறி, தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களைத் துரத்தியது. 1921 இலே அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று கப்பல் வேலைக்காக முகவரிடம் இலட்சக் கணக்கிலே பணம் கட்டிவிட்டு, அக்கடனை அடைக்கும்வரை எந்தக் கொடுமையையும் பொறுத்து நிற்கும் இளைஞனின் சட்டைப்பையிலே இருப்பது என்ன? பெயர் மாறிய துண்டு அன்றோ!

கண்டி, மாத்தளைப் பக்கங்களிலே அரச நிறுவனங்கள் நடத்திய தோட்டங்களைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலே 8 வீதம் வெட்டப்படும். உடையவர் 12 வீதம் சேர்க்க வேண்டும். 1958 ஆம் ஆண்டின் சட்டம் அது. பணிக்கொடைக்கு 1983 ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. இவ்வளவு சட்டம் இருந்தும் இந்நிதிகளுக்குரிய பணம் ஆண்டுக்கணக்கிலே நிலுவையாய்க் கிடந்தமை பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட செய்தி. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த தாய், ஓய்வு பெற்றபின் தன் பணத்துக்கே அலுவலகம் அலுவலகமாக நடக்கின்றாள். நாடு வங்குரோத்தானபோதும், 2023 இலே உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கையில் பாரம் வந்து விழுந்தது தொழிலாளரின் ஓய்வு நிதிகள் மேலேயே.

கப்பலாயினும் தோட்டமாயினும் நாடாயினும், முறிவின் விலையைச் செலுத்துமாறு முதலிலே அழைக்கப்படுபவன் தொழிலாளி. பெறுவதற்குக் கடைசியிலே அழைக்கப்படுபவனும் அவனே. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவதே எமது அரசியல்.

செய்ய வேண்டியவை

வெறும் பேச்சோடு கலையக்கூடாது. கப்பலேறும் பிள்ளையும் அவன் குடும்பமும் செய்ய வேண்டியவற்றைச் சொல்கின்றோம்.

ஒன்று: கையொப்பமிடு முன்னர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், அறிந்தவரிடம் ஆலோசனை கேட்கவும் சமவாயம் உரிமை தந்திருக்கின்றது. கப்பல் உடையவரின் பெயர், கப்பலின் கொடி, அடிப்படைச் சம்பளம், ஒப்பந்தக் காலம் ஆகிய நான்கும் அதிலே தெளிவாக இருத்தல் வேண்டும். அதன் பிரதியொன்று வீட்டிலே இருத்தல் வேண்டும்.

இரண்டு: வேலை தேடித் தருவதற்காகக் கடற்றொழிலாளனிடம் கட்டணம் வாங்குவதைச் சமவாயம் தடுக்கின்றது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு முதலிய பயணப் பத்திரங்களின் செலவே அவனைச் சேரும். விசாச் செலவுகூட உடையவரைச் சேர்ந்தது. இதற்கு மேலே கேட்கும் முகவரிடம் காணியை ஈடு வைத்துப் பணம் கொடாதீர்கள்.

மூன்று: முகவரோ கப்பல் உடையவரோ கடமை தவறினால் ஏற்படும் பண நட்டத்தை ஈடுசெய்யக் காப்புறுதியோ அதற்கு நிகரான ஏற்பாடோ முகவரிடம் இருத்தல் வேண்டும் என்பதும் சமவாயத்தின் விதி. ‘அதைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்டாதவனை நம்பாதீர்கள்.

நான்கு: கப்பலேறிய முதல்நாளே காப்புறுதிச் சான்றிதழைத் தேடிப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். காப்புறுதி கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அதிலே இருக்கும். மாதச் சம்பளக் கணக்கைத் தவறாது வாங்கி வையுங்கள்.

ஐந்து: ஒரு மாதச் சம்பளம் வராவிட்டால் எழுத்திலே கேளுங்கள். இரண்டு மாதம் வராவிட்டால் காப்புறுதி கொடுத்தவருக்கும், துறைமுக அதிகாரிகளுக்கும், தொழிற்சங்கத்துக்கும் ஒரே நாளிலே அறிவியுங்கள். நிலுவை இவ்வளவு என்று கப்பல் தலைவர் கையொப்பமிட்ட கணக்கு இல்லாமல் இறங்காதீர்கள். ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய தாளிலே, பெறாமற் கையொப்பமிடாதீர்கள்.

அரசாங்கத்திடமும் கேட்கின்றோம். கப்பல் வேலை ஒப்பந்தத்தின் தமிழ், சிங்கள மொழிபெயர்ப்பு ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். கடற்றொழிலாளர் முறைப்பாட்டைக் கேட்கும் அதிகாரி ஒருவர் கண்டியிலே இருக்க வேண்டும். கொழும்புக்குப் போய்வரும் செலவே நீதிக்குப் போடப்பட்ட வேலியாக இருத்தலாகாது. அரசு விரும்பினால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2020 ஏப்ரலிலே துறைமுகங்கள் அடைபட்டுக் கிடந்த நேரத்தில், கொழும்பை அண்டி வந்த எம்எஸ்சி மக்னிஃபிக்கா என்னும் உல்லாசக் கப்பலிலிருந்த இலங்கைச் சமையற்காரர் ஒருவர் தம்மை இறக்குமாறு காணொளியிலே வேண்டினார். கடற்படையினர் சென்று அவரை இறக்கி வந்தனர். ஒருவரின் குரல் நாடெங்கும் கேட்டபோது நடந்தது, நூறுபேரின் குரல் ஒருங்கே எழுந்தால் நடவாதா?

கடைசியாக எமக்கு நாமே இட்டுக்கொள்ளும் கடமை. இங்கே சட்டத்தரணிகள் இருக்கின்றனர், ஆசிரியர்கள் இருக்கின்றனர், வங்கியிலும் அரச அலுவலகங்களிலும் பணிபுரிவோர் இருக்கின்றனர். திகனயிலும் சூழவுள்ள ஊர்களிலுமிருந்து கப்பலேறிய ஒவ்வொருவரின் பெயர், கப்பல், கொடி, முகவர், ஒப்பந்தப் பிரதி ஆகியவற்றைத் திரட்டி வைக்கும் குழு ஒன்றை இன்றே அமைப்போம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதம் அப்பதிவேட்டிலே வேண்டாம். கப்பலின் கீழ்த்தட்டிலே மூவரும் ஒரே அறையிலேதான் உறங்குகின்றனர். சம்பளம் நின்றால் மூவருக்கும் ஒரே நாளிலேதான் நிற்கின்றது.

சட்டத்தை வெள்ளையன் எழுதினானா, ஜெனீவாவிலே எழுதினார்களா என்பது பெரிதன்று. எழுதிய சட்டத்தை எடுத்துப் பேச ஊரிலே நாலுபேர் இருக்கின்றார்களா என்பதே பெரிது. கப்பலின் கடைசிப் பலகைவரை கூலிக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்கின்றது. அந்தப் பலகையைப் பற்றிப் பிடிக்கும் கையாக இந்த ஊர் இருக்கட்டும். குழுவிலே சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் முன்வந்து பெயரைப் பதியுமாறு கேட்டு அமர்கின்றோம்.